கூப்பிட்டால் வராத நாய்: ஒரு வீட்டில் நடந்த அடிப்படைப் பயிற்சியின் முழுப் பதிவு

பின்னணி

இந்தப் பதிவுக்கு உரியது 11 மாத வயதுள்ள ஆண் லாப்ரடார். 8 வாரக் குட்டியாக அந்த வீட்டுக்கு வந்தது. வீட்டில் கணவர், மனைவி, 9 வயது மகள், கணவருடைய அப்பா என நான்கு பேர். இதற்கு முன் அவர்களில் யாரும் நாய் வளர்த்ததில்லை.

குட்டியாக இருந்தபோது ‘உட்கார்’, ‘கை கொடு’ இரண்டையும் சீக்கிரமே கற்றுக்கொண்டது. கெட்டிக்கார நாய், மற்றதெல்லாம் வளர வளர வந்துவிடும் என்று வீட்டார் அதோடு விட்டுவிட்டார்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. சொன்னால் உட்காருவது குறைந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது.

ஒரு மாலை வெளிக்கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. நாய் தெருவுக்கு ஓடிவிட்டது. கணவர் அதன் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அவர் ஓட ஓட அது இன்னும் வேகமெடுத்தது. வண்டிகள் விரையும் சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் வேறொரு நாயை மோப்பம் பிடிக்க நின்றபோதுதான் பிடிக்க முடிந்தது. நெஞ்சு படபடக்கப் பிடித்த மனிதர் அந்த இடத்திலேயே அதை அடித்தார். பிறகு, தெரிந்த ஒருவர் சொன்னபடி, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். “நீங்கதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்” என்பது அவருடைய அறிவுரை.

சங்கிலி வந்தபின் நாய் அடங்கினாற்போல் தெரிந்தது. ஆனால் கூப்பிட்டால் முன்பு பாதி தூரமாவது வந்த நாய், இப்போது கைக்கு எட்டாத தொலைவிலேயே நின்றுவிட ஆரம்பித்தது. அந்தக் கட்டத்தில்தான் நாய்ப் பயிற்சியாளரான என்னை அழைத்தார்கள்.

“கூப்பிட்டா வரணும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் கணவர். “அவனுக்கு எல்லாம் புரியுதுங்க. வேணும்னே பண்றான்” என்றார் மனைவி. அவர் சொன்னது சரிதானா என்று பார்ப்பதிலேயே முதல் சந்திப்பு கழிந்தது.

முதல் சந்திப்பில் கண்டவை

அன்று நான் எதையும் கற்பிக்கவில்லை. தினமும் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

உட்காரச் சொல்ல நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். கணவர் ‘சிட்’ என்றார். மகள் ‘சிட் டவுன்’ என்றாள். தாத்தா ‘உட்கார்’ என்றார். மனைவி ‘உக்காரு, உக்காரு, உக்காருடா, உக்காருன்னு சொல்றேன்ல’ என்று ஒரே மூச்சில் சொன்னார். சோபாவிலிருந்து இறங்கவும், ஆள்மேல் தாவாமல் இருக்கவும் கணவர் ‘டவுன்’ என்றே சொல்லிவந்தார். ஆகவே ‘சிட் டவுன்’ என்று மகள் சொன்னதும் நாய் பாதி குனிந்து, அவள் முகத்தைப் பார்த்து, மறுபடி நிமிர்ந்தது.

மனைவி சொல்லும்போது நாய் உட்காரவே செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் குரல் உயரும் கடைசிச் சொல்லுக்குத்தான் உட்கார்ந்தது. முதல் மூன்று சொற்களுக்குப் பின் எதுவும் நடக்காது என்பதை அது மாதக்கணக்கில் பார்த்துவந்திருக்கிறது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெறும் சொல்லை மட்டும் சொன்னபோது, நாய் நின்றபடியே அவர் கை இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தது. அது கற்றிருந்தது சொல்லை விட, பிஸ்கட் பிடித்த கை மேலே போகும் அசைவை.

வீட்டில் யார் பேச்சை அதிகம் கேட்கிறது என்றால், தாத்தாவின் பேச்சை. அவருக்கு நாய்ப் பயிற்சி பற்றி எதுவும் தெரியாது. முட்டிவலி காரணமாக அதிகம் நடமாட மாட்டார். ஒரு சொல் சொல்வார், பிறகு பேசாமல் காத்திருப்பார். நாய் யோசித்து முடிக்கும்வரை அவசரப்பட மாட்டார். செய்ததும் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுப்பார். பயிற்சியாளர்கள் வளர்ப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் படாதபாடு படும் ஒழுங்கு அவரிடம் இயல்பாகவே இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வழுவழுப்பான தரையில் உட்காரும்போது நாய் மெல்லத் தயங்கித் தயங்கி இறங்கியது. பின்னங்கால்கள் இரண்டும் ஒரு பக்கமாகச் சரிந்தன. மிதியடி மேல் அவ்வளவு தயக்கம் இல்லை. சில முறை உட்கார்ந்து எழுந்தபின் தலையை வேறுபக்கம் திருப்பி, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு நகர்ந்துவிட்டது. வீட்டார் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவு எதிரில் இல்லாதபோது உதட்டை நக்குவதும், தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவதும் நாய்கள் சங்கடத்தில் காட்டும் அடையாளங்கள்.

கடைசியாக முற்றத்தில் கூப்பிடச் சொன்னேன். ‘வா’ என்றதும் நாய் ஓடி வந்தது. இரண்டு கை தூரத்தில் நின்றது. கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை நீண்டதும் பின்னால் துள்ளியது. ஒரு நாளில் எப்போதெல்லாம் ‘வா’ என்று சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். குளிப்பாட்ட. நகம் வெட்ட. காதில் மருந்து விட. வாயில் கவ்வியதைப் பிடுங்க. விளையாட்டை நிறுத்தி வீட்டுக்குள் அடைக்க. அந்தப் பட்டியலில் நாய்க்குப் பிடித்தது ஒன்றுகூட இல்லை. பட்டியலைப் படித்த மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நானா இருந்தாலும் வரமாட்டேன்” என்றார்.

நாய்க்குப் புரிகிறது என்று அவர் முதலில் சொன்னது ஒருவகையில் சரிதான். ‘வா’ என்றால் என்ன நடக்கும் என்பது அதற்கு நன்றாகப் புரிந்திருந்தது.

பயிற்சிக்கு முன் மருத்துவர்

உட்காரும் விதம் உறுத்தியதால், எந்தப் பயிற்சியும் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். கணவருக்கு இது காலதாமதமாகப் பட்டது. கூப்பிட்டால் வராததற்கும் இடுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வலிக்கும் ஒரு அசைவை ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை கேட்டுக்கொண்டே இருந்தால், கேட்கும் மனிதர்மேலேயே நாய்க்கு வெறுப்பு வரும். அப்படிப்பட்டவர் கூப்பிட்டு அது எதற்காக வரவேண்டும்?

எக்ஸ்ரேயில் இடது இடுப்பு மூட்டு சற்றுத் தளர்வாக இருப்பது தெரிந்தது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை அதன் கிண்ணத்தில் இறுக்கமாகப் பொருந்தாத இந்தக் குறை, லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய ரகங்களில் பரம்பரையாகவே அதிகம் வருவது. இந்த நாய்க்கு அது லேசான அளவில் இருந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை. எடையைக் குறையுங்கள், வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள், தாவிக் குதிக்கும் விளையாட்டுகளைக் கட்டுப்படுத்துங்கள் என்றார் மருத்துவர். காதுகளையும் பார்த்தார், அங்கே பிரச்சினை இல்லை. கேட்கும் திறன் சரியாக இருக்கிறது என்பது உறுதியானதும் நல்லதாயிற்று.

எடை விஷயத்தில் அவர் அழுத்தமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒரு நாய்க்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றில் தாமதமாகவே வந்தது. எனவே உணவைப் பரிசாக வைத்து நடக்கும் பயிற்சியில், அந்த உணவு நாளின் கணக்குக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது இந்த வீட்டில் முதல் நிபந்தனை ஆயிற்று.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

சங்கிலியைக் கழற்றினோம். தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற கருத்து, அடைத்து வைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து உருவானது. அதைப் பரப்பியதில் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று அவரே 1999-இல் எழுதித் தம் பழைய சொல்லாட்சியைத் திருத்திக்கொண்டார். இது நாயைப் பற்றிய நேரடி ஆதாரம் ஆகாது என்பதால், நாய்களிடமே செய்த ஆய்வையும் கணவரிடம் சொன்னேன். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், இழுத்தும் அதட்டியும் கற்பிக்கும் பள்ளிகளில் படித்த நாய்கள் பயிற்சியின்போது அதிகப் பதற்றம் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் மற்றவற்றைவிடக் கூடுதலாக ஏறியிருந்தது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-இல் எல்லா நாய்களுக்கும் பரிசு வழிப் பயிற்சியையே பரிந்துரைத்தது.

கணவரை அசைத்தது இந்தத் தகவல்கள் எதுவும் இல்லை. நான் சங்கிலியைக் கையில் எடுத்து லேசாகக் குலுக்கினேன். அறையின் மறுமூலையில் படுத்திருந்த நாயின் காதுகள் பின்னால் ஒட்டின. உடம்பு தரையோடு தாழ்ந்தது. அவர் அதைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் சங்கிலியை வாங்கி வெளியே கொண்டுபோய்ப் போட்டார்.

‘உட்கார்’ என்பதைப் பாடத்திலிருந்தே எடுத்தோம். அடிப்படைப் பயிற்சி என்றாலே அதில்தான் தொடங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. வாசலிலும் சாலை ஓரத்திலும் நமக்கு வேண்டியது நாய் ஓரிடத்தில் நிற்பது. அதற்கு ‘நில்’ போதும், இடுப்புக்கும் நோவில்லை. ‘படு’ என்பதை மெத்தென்ற விரிப்பில், அது தானாகப் படுக்கும் நேரம் பார்த்து, அப்போதே பரிசு கொடுத்துக் கற்பிப்பது என்று தீர்மானித்தோம்.

‘வா’ என்ற சொல்லையும் நிறுத்தினோம். பல மாதமாகக் குளியலோடும் நகவெட்டியோடும் பிணைந்த சொல்லைச் சீர்செய்வதைவிட, பழைய நினைவு எதுவும் ஒட்டாத ஒலியைப் புதிதாகக் கற்பிப்பது விரைவில் முடியும். விசில் தேர்ந்தெடுத்தோம். நான்கு வாய்களிலிருந்தும் ஒரே ஒலி வரும். ஊதுபவரின் கோபமோ பயமோ அதில் கலக்காது. தூரத்துக்கும் கேட்கும்.

மீதிச் சொற்களை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள்: தொடு, நில், படு, இரு, விடு, போ. தாளை எழுதியது மகள். ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும் என்று தாத்தா தன் கையால் கீழே சேர்த்தார்.

முதல் வாரங்கள்

தொடக்கத்தில் கற்பித்தது கட்டளையே இல்லை. ‘யெஸ்’ என்ற சின்னச் சொல்லைச் சொல்வது, உடனே ஒரு பட்டாணி அளவு தின்பண்டம் கொடுப்பது. அவ்வளவுதான். அந்தச் சொல் கேட்டதும் நாயின் தலை சட்டென்று திரும்பும்வரை இதைச் செய்தார்கள். மணியோசைக்கு நாய்க்கு எச்சில் ஊறியது பற்றிப் பாவ்லோவ் சொன்ன அதே இணைப்பு. 1940-களில் மரியன், கெல்லர் பிரெலண்ட் தம்பதி விலங்குப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவியான இன்றைய கிளிக்கர் அந்த வழியில் வந்தது. கிளிக்கரையே வாங்கலாமா என்று கேட்டார்கள். நான்கு பேர் வீட்டில் அது தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது என்பதால் சொல்லே போதும் என்றேன்.

இந்தச் சொல் எதற்கு என்பதை மனைவி முதல் வாரத்திலேயே தன் அனுபவத்தில் கண்டார். நாய் படுத்ததும் அவர் டப்பாவைத் திறந்து, துண்டை எடுத்து, குனிந்து கொடுப்பதற்குள் அது எழுந்து நின்றுவிடும். கொடுத்த துண்டு எழுந்ததற்கான கூலி ஆகிவிடும். படுத்த அந்த நொடியிலேயே ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டால், துண்டு இரண்டு நொடி தாமதமாக வந்தாலும் எதற்காக வந்தது என்று நாய்க்குத் தெளிவாக இருக்கும்.

முதல் செயல் ‘தொடு’. விரித்த உள்ளங்கையை மூக்கால் தொட வேண்டும். உள்ளங்கையை மூக்கருகே நீட்டினால் எந்த நாயும் மோந்து பார்க்கும்; அதையே பிடித்துக்கொண்டு வளர்த்தெடுக்கலாம். இந்த நாய்க்கு அது இரண்டு மடங்கு தேவையாக இருந்தது. நீளும் கை என்றால் பிடிபடுவோம் என்று பின்வாங்கிய நாய் அது. சில நாட்களில் கையைத் தேடி வந்து மூக்கை வைத்தது. அதன்பின் தொட்டவுடன் கழுத்துப் பட்டையை விரலால் லேசாகத் தீண்டுவது, பிறகு ஒரு நொடி பிடிப்பது, பிறகு பிடித்தபடி ஓரடி நகர்வது என ஒவ்வொரு படிக்கும் ‘யெஸ்’ சொல்லித் தின்பண்டம் கொடுத்தார்கள்.

சொல்லையும் சைகையையும் எப்படி அடுக்குவது என்பதில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டினால் நாய் சைகையை மட்டும் கவனிக்கும், சொல் காதில் விழாமல் போகும். முதலில் சொல், ஒரு நொடி இடைவெளி, பிறகு சைகை. இப்படிச் செய்துவந்தால், சொல்லைத் தொடர்ந்து சைகை வரப்போகிறது என்று நாய் ஊகித்து, சைகைக்கு முன்னாலேயே செய்யத் தொடங்கும். அந்த ஒரு நொடி இடைவெளி கணவருக்கு வரவேயில்லை. கண்ணாடி முன் நின்று நாய் இல்லாமல் பழகிய பிறகுதான் வந்தது.

பயிற்சி நேரம் காலையும் மாலையும் சில நிமிடங்கள் மட்டும். நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வேலை மிகுந்த நாட்களில் விட்டுப்போனால் எல்லாம் வீணாகுமோ என்று மனைவி கவலைப்பட்டார். டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை பயிற்சி பெற்றவை, வாரம் ஐந்து முறை பெற்றவற்றைவிடக் குறைவான வகுப்புகளிலேயே கற்றுக்கொண்டன. ஒரு நாள் விடுபட்டால் குடிமுழுகிப் போகாது.

உணவுக் கணக்கு தாத்தாவின் பொறுப்பு. காலையில் நாளின் உணவை அளந்து, பயிற்சிக்கான பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வைப்பார். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு விசிலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த மிட்டாய் எதுவும் நாய்க்குப் போகக்கூடாது என்பதை மகளிடம் தனியாகச் சொல்லிவைத்தோம்.

அழைத்தால் வருவது

வீட்டுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று தொடங்கியது. ஒருவர் விசில் ஊதுவார், நாய் வந்து கையைத் தொடும், பட்டையைப் பிடிப்பார், கோழித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பார், ‘போ’ என்று விட்டுவிடுவார். ஒரே வாயில் எல்லாவற்றையும் போட்டுவிடாமல் ஒவ்வொன்றாகக் கொடுப்பது முக்கியம். வந்து சேர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பதே லாபம் என்று நாய்க்குத் தெரியவேண்டும்.

அந்த ‘போ’ என்ற சொல்தான் இந்தப் பயிற்சியின் உயிர் என்று நான் கருதுகிறேன். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்பதே இந்த நாயின் பழைய அனுபவம். இப்போது வந்தால் கோழியும் கிடைக்கிறது, விட்ட விளையாட்டும் திரும்பக் கிடைக்கிறது. ஒரு விலங்கு மிகவும் விரும்பும் செயலையே, அது குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959-இல் எழுதினார். புல்வெளியில் மோப்பம் பிடிப்பதைவிடப் பெரிய பரிசு எந்த டப்பாவிலும் இல்லை. எனவே கூப்பிட்டதில் பெரும்பகுதி, கூப்பிட்டு மறுபடி விடுவதற்காகவே நடந்தது.

முற்றத்தில் சரியான பிறகு திறந்த வெளிக்குப் போனோம். அங்கே 10 மீட்டர் நீளக் கயிறு. கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில் மாட்டினோம். ஓடிக் கயிற்றின் எல்லையை எட்டினால் அதிர்ச்சி கழுத்தில் விழக்கூடாது. பிடிப்பவர் கையுறை போட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஓடும் லாப்ரடாரின் வேகத்தில் அப்படிச் சுற்றிய கயிறு விரலை முறித்துவிடும்.

விதிகள் இரண்டே. நாய் வரும் என்று நம்பிக்கை இருந்தால் மட்டும் ஊதுங்கள். ஊதி வரவில்லை என்றால் மறுபடி ஊதாதீர்கள். கயிற்றைப் பிடித்தபடி நாய் இருக்கும் இடத்துக்கு நடந்து போங்கள், அடுத்த முறை இன்னும் அருகில் நின்று தொடங்குங்கள். ஐந்துக்கு நான்கு முறை உடனே வந்தால் கொஞ்சம் கடினமாக்கலாம். தூரத்தைக் கூட்டும்போது கவனம் சிதறும் இடம் வேண்டாம். வேறு நாய்கள் நடமாடும் இடத்துக்குப் போகும்போது தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கூட்டியவர்கள் பெரும்பாலும் தொடக்கத்துக்கே திரும்புகிறார்கள்.

குளியல், நகம், மருந்து எல்லாவற்றுக்கும் கூப்பிடுவது அறவே நின்றது. அவர்களே எழுந்துபோய், ‘தொடு’ என்று கையை நீட்டிக் கூட்டிவந்தார்கள்.

இடையில் வந்த சிக்கல்கள்

இரண்டாம் மாதத்தில் விசிலுக்கு வரும் வேகம் திடீரென்று குறைந்தது. விசாரித்தபோது மகள் தன் தோழிகளுக்குக் காட்டுவதற்காக மாலையெல்லாம் ஊதியிருப்பது தெரிந்தது. கையில் கோழி இல்லை. திட்ட வேண்டாம் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டேன். தன் நாய் கூப்பிட்டால் வருகிறது என்ற பெருமைதானே அது. அவளுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு முறை ஊத வேண்டும், நாய் கண்டுபிடித்து வந்ததும் பரிசு கொடுக்க வேண்டும். இது நாய்க்கு மிகவும் பிடித்துப்போன விளையாட்டாயிற்று. சில நாட்களில் பழைய வேகம் திரும்பியது.

“நீங்க சொன்னா உடனே செய்யுது. நான் சொன்னா யோசிக்குது” என்று மனைவி ஒருநாள் வருத்தப்பட்டார். இளவயது நாய்களிடம் இது எதிர்பார்க்கக்கூடியதே. லூசி ஆஷரும் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். 8 மாதத்தில் அவை வளர்ப்பவரின் சொல்லுக்குத்தான் அதிகம் தயங்கின. அந்நியரின் சொல்லுக்கு அப்படித் தயங்கவில்லை. வயது கடந்தால் இது தணியும் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அந்தக் கட்டத்தில்தான் பலர் நாயைக் கைவிடவோ அடிக்கவோ தொடங்குகிறார்கள் என்பதால் இதைச் சொல்லிவைப்பது பயிற்சியின் பகுதி என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது சிக்கல் பெரியது. நன்றாக வருகிறதே என்று கணவர் ஒரு காலை மைதானத்தில் நீளக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். தூரத்தில் வேறொரு நாய் தெரிந்தது. இது பாய்ந்தது. ஊதினார், வரவில்லை. இம்முறை அவர் துரத்தவில்லை. எதிர்ப்பக்கமாக நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து நாய் தானாகத் திரும்பி வந்து அவர் கையில் மூக்கை வைத்தது. கை நடுங்கியபடியே டப்பாவில் இருந்த துண்டுகளைக் கொடுத்ததாகச் சொன்னார்.

“ஓடிப்போனதுக்குப் பரிசா?” என்று மனைவி கேட்டார். எல்லா வீட்டிலும் என்னிடம் வரும் கேள்வி இது. நாயின் கணக்கில் பரிசும் தண்டனையும் கடைசியாகச் செய்த செயலோடு ஒட்டிக்கொள்ளும். அது கடைசியாகச் செய்தது, திரும்பி வந்தது. அங்கே அடி விழுந்திருந்தால், சாலையில் அடி வாங்கிய அன்று கற்றதையே மறுபடி உறுதியாகக் கற்றிருக்கும்: பிடிபட்டால் அடி. ஓடிப்போனதைத் திருத்தும் வழி, அடுத்த நாள் நீளக் கயிற்றோடு இன்னும் தொலைவான நாயிடமிருந்து தொடங்குவது. அப்படியே தொடங்கினார்கள்.

விளைவு

நான்காம் மாத இறுதியில் நாய் திறந்த வெளியில், நீளக் கயிற்றில், வேறு நாய்கள் கண்ணில் படும் தூரத்தில் இருக்கும்போதும் முதல் விசிலுக்கே திரும்பி வந்தது. வந்து கைக்கு எட்டாமல் நிற்கும் பழக்கம் போய்விட்டது. பட்டையைப் பிடித்தால் அமைதியாக நிற்கிறது. வாசலில் ‘நில்’ என்றால், கதவு திறந்து, ஆள் வெளியே போய், ‘போ’ என்று சொல்லும்வரை காத்திருக்கிறது. வீட்டார் சாப்பிடும்போது தன் விரிப்பில் படுத்திருக்கிறது. எடை குறைந்தது. மறு பரிசோதனையில் மருத்துவர் இடுப்பு மோசமாகவில்லை என்றார்.

தீராதவையும் உண்டு. பூனை ஓடினால் விசில் எடுபடாது. எனவே வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்று வீட்டார் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு எனக்கும் உடன்பாடே. அவசரத்தில் இருக்கும்போது மனைவி இன்னும் ‘நில்லு நில்லு நில்லு’ என்கிறார். நாய் அவரிடம் மட்டும் மூன்றாவது சொல்லுக்கே நிற்கிறது. விசிலுக்குக் கோழித் துண்டு இப்போதும் ஒவ்வொரு முறையும் கொடுக்கப்படுகிறது. மற்றச் சொற்களுக்கு நடுநடுவே கொடுத்தால் போதும் என்று குறைத்துவிட்டோம். உயிர் காக்க வேண்டிய அழைப்பில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதால் விசிலில் கைவைக்கவில்லை.

இனி இப்படி ஒரு வீட்டில் மாற்றிச் செய்ய இருப்பவை

முதல் சந்திப்புக்கு முன்பே, நாய் நடப்பது, உட்காருவது, படியேறுவது ஆகியவற்றைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். புது ஆள் முன் பரபரப்பில் இருக்கும் நாய் நொண்டலை மறைத்துவிடக்கூடும். தினசரி நடையில் அது தெரிந்துவிடும்.

வீட்டில் குழந்தை இருந்தால் தொடக்க வாரத்திலிருந்தே அதற்கென ஒரு விளையாட்டைத் திட்டத்தில் சேர்ப்பேன். விசிலுக்கு உயரமான ஓர் ஆணியும் அடிக்கச் சொல்வேன். நீளக் கயிற்றைப் பெரியவர்கள் நாய் இல்லாமல் ஒருவரை ஒருவர் பிடித்துப் பழகிய பிறகே கையில் கொடுப்பேன். திறந்த வெளியில் அதை எப்போது அவிழ்க்கலாம், எப்போது கூடாது என்பதையும் குளிர்சாதனப் பெட்டித் தாளிலேயே எழுதிவைப்பேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெளிக்கதவு. தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் இந்த வீட்டில் மூன்றாம் வாரத்தில்தான் பொருத்தப்பட்டது. எந்த நாயும் விசிலைக் கற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும். அந்த வாரங்களிலும் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பதால், ஸ்பிரிங் மாட்டிய பிறகே இனி முதல் பாடத்தைத் தொடங்குவேன்.